முன்னால் முப்பது, பின்னால் நாற்பத்திரண்டு

குத்துதா கண்ணு? இரு இரு, இந்தப் பக்கம் திருப்பி வெச்சுக்கறேன். பயந்துக்காத, சைக்கிள் சாமான்தான். கிராங்க். பெடல் மாட்டற கை இருக்குதில்ல, அது. அதோட சேர்ந்து இந்தப் பல்சக்கரம். எண்ணிப் பாரு, முப்பது பல்லு. எனக்கு இருபத்தெட்டு வேணும். பெங்களூருல ஒரு கடையில இருக்குதாம். போன்ல சொல்லி ரெண்டு தடவை வரவெச்சேன், ரெண்டு தடவையும் போல்ட் ஓட்டை பொருந்தல. திருப்பி அனுப்பிட்டேன். அதான் சாமானையே கழட்டி மடியில வெச்சுட்டு நேர்லயே பஸ் ஏறிட்டேன். பொருத்திக் காட்டுடா, அப்புறம் பேசுன்னு.

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. அதை மொதல்லயே சொல்லிடறேன். இதை மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தா ஜனங்க வேற மாதிரி நெனச்சுக்கறாங்க. சைக்கிளைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, தெரிஞ்சுக்கோணும்னு ஆசையும் கிடையாது. எல்லாம் எங்க வீட்டுக்காரரோட பைத்தியம். நான் கணக்கு டீச்சர். வடவள்ளியில இருக்கோம், ஏழாவது எட்டாவதுக்கு எடுக்கறேன். அவ்வளவுதான் என் கதை.

இது போன ஆடியில ஆரம்பிச்சது. எங்க பொண்ணு பூனாவுக்கு வேலைக்குப் போயிட்டா. வீட்டுல நானும் அவரும்தான். அவரு பம்புசெட்டு கம்பெனியில சரக்கு அனுப்பற செக்‌ஷன். காலையில எட்டுக்குப் போனா சாயங்காலம் ஆறுக்கு வருவாரு. வந்தா என்ன பேச்சு இருக்குது? கேஸ் புக் பண்ணியாச்சா, பண்ணியாச்சு. மோட்டார் போட்டாச்சா, போட்டாச்சு. அவரு ஹால்ல டிவி பாப்பாரு, நான் ரூம்ல உக்காந்து பேப்பர் திருத்துவேன். அதுல ஒரு குறையும் இல்ல, சும்மா சொல்றேன். நிம்மதியாத்தான் இருந்துச்சு.

அப்பத்தான் அவருக்கு சர்க்கரை வந்துச்சு. டாக்டர் ரெண்டு பேரையும் உக்காரவெச்சு, “ரெண்டு பேருமே நடங்க”ன்னாரு. எனக்கு டாக்டர் நடக்கச் சொல்றது அது மூணாவது வருஷம். தனியா யாரு நடப்பா கண்ணு? ரோட்டுல பராக்குப் பாத்துட்டே போகோணும். இவரோ, “எனக்கு நடந்தா முட்டி வலிக்கும், நான் சைக்கிள் ஓட்டறேன்”னுட்டாரு. அவங்க ஆபீஸ்ல பெலிக்ஸ்னு ஒருத்தர், ஞாயித்துக்கிழமையானா பத்துப் பேரைச் சேத்துக்கிட்டு டவுசர் போட்டு சைக்கிள் ஓட்டறவரு. அவரு வந்து, “குழந்தைவேலு சார், தை மாசம் மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி ஏறறோம், நீங்களும் வர்றீங்க”ன்னு பேரு எழுதிக்கிட்டாரு. பாத்தியா, வீட்டுக்காரர் பேரையே சொல்லிட்டேன்.

சைக்கிள் எங்க இருந்து வந்துச்சுன்னா, எங்க தெருவுல காலி பண்ணிட்டுப் போன ஒரு இன்ஜினியர் மாடிப்படிக்கு அடியில விட்டுட்டுப் போனது. மலை ஏறற சைக்கிள். இருபது வருஷத்துப் பழசு. முன்னாடி மூணு பல்சக்கரம், பின்னாடி ஏழு. மூவேழு இருபத்தொண்ணு கியர். இவரு அதை உருட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்துன அழகைப் பாக்கோணுமே, என்னமோ ஜல்லிக்கட்டுல புடிச்ச மாடு மாதிரி.

டவுன்ஹால் பக்கம் அன்வர் பாய்னு ஒரு மெக்கானிக். நல்ல மனுஷன். அவரு சைக்கிளைத் தலைகீழா நிறுத்தி, விரலால பல்லைத் தடவிப் பாத்துட்டு, “சார், இது பல்லு இல்ல, ரம்பம்”ன்னாரு. செயினு நீண்டு போச்சாம். நீண்ட செயினு பல்லைத் தின்னுருச்சாம். ஒண்ணை மட்டும் மாத்தினா மத்தது கடிக்கும், மாத்தினா எல்லாத்தையும் மாத்தோணும். “அதே மாதிரி புதுசு மூணு சாமான் போட்டுத் தர்றேன் சார், ஒரு வாரத்துல ஓட்டலாம்”ன்னாரு.

அப்பிடியே விட்டிருந்தா முடிஞ்சிருக்கும். இவரு விடுவாரா? அன்னிக்கிருந்து போனை நோண்ட ஆரம்பிச்சாரு. மொதல்ல ஒண்ணு வந்துச்சு, பின்னாடி செயினை ஒரு பல்சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தள்ளி விடற சாமான். பளபளன்னு இருந்துச்சு. ஆனா அது பத்து கியருக்கானது, நம்ம கைப்பிடியில இருக்கற விசை ஏழுக்கானது. சேராது. அப்புறம் பல்சக்கர அடுக்கு ஒண்ணு வந்துச்சு, கேசட்டுன்னு பேரு. அது பழைய சக்கரத்துல ஏறவே இல்ல. பழைய சக்கரத்து நடுவுல மரை இருக்கும், திருகி ஏத்தறது. புதுசு சொருகறது. இவருக்கு அது தெரியல. புடவை எடுத்துட்டு வந்து பிளவுஸ் பொருந்தலைன்னு நிக்கற மாதிரி நிக்கறாரு.

நான் தலையிடவே இல்ல கண்ணு. சத்தியமா. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், நான் பேப்பர் திருத்திட்டு இருக்கேன். இவரு ஹால்ல உக்காந்து பல்லு எண்ணறாரு. சத்தமா. “முப்பத்தாறு, முப்பத்தேழு...” சக்கரம் சுத்திருது. எங்க ஆரம்பிச்சோம்னு தெரியல. மறுபடியும் ஒண்ணு, ரெண்டு. நானும் எவ்வளவு நேரந்தான் பொறுத்துக்கறது? எந்திரிச்சுப் போயி, என் பையில இருந்த சாக்பீஸை எடுத்து ஒரு பல்லுல கோடு போட்டேன். “ஏனுங்க, இங்க ஆரம்பிச்சு இங்க முடிங்க”ன்னேன். நாப்பத்திரண்டு. அப்பிடியே நடுவுல இருந்ததையும் எண்ணினேன், முப்பத்திரண்டு. சின்னது இருபத்திரண்டு. பின்னாடி ஏழும் எண்ணினேன், பதினாலுல ஆரம்பிச்சு இருபத்தெட்டு வரைக்கும். எண்ணிட்டு கையைக் கழுவிட்டு வந்துட்டேன். அவ்வளவுதான் நான் பண்ணது.

ஆனா எண்ணு கையில கெடச்சா வகுத்துப் பாக்காம இருக்க முடியுமா? நீயே சொல்லு. முன்னாடி பல்லைப் பின்னாடி பல்லால வகுத்தா, ஒரு மிதிக்குப் பின் சக்கரம் எத்தனை சுத்து சுத்தும்னு வந்துரும். முன்னாடி சின்னது பின்னாடி பெருசுன்னா மலைக்கு. முன்னாடி பெருசு பின்னாடி சின்னதுன்னா சமதளத்துக்கு. இதுல சைக்கிள் அறிவே வேண்டாம், ஏழாங்கிளாஸ் கணக்கு. பழைய காலண்டர் ஒண்ணைத் திருப்பிப் போட்டு இருபத்தொண்ணையும் எழுதினேன். எழுதிப் பாத்தா எனக்கு ஆத்திரமா வந்துச்சு. முன்னாடி பெருசுல பின்னாடி இருபத்தெட்டு, ஒண்ணரை. முன்னாடி சின்னதுல பின்னாடி பதினாலு, ஒண்ணு புள்ளி அஞ்சு ஏழு. நடுவுல போட்டுப் பின்னாடி இருபது, ஒண்ணு புள்ளி ஆறு. மூணும் கிட்டத்தட்ட ஒண்ணுதானே? இருபத்தொண்ணு கியருன்னு சொல்லி எவனோ இருபது வருஷமா ஏமாத்தியிருக்கான்! உருப்படியா எண்ணினா பன்னண்டு தேறல.

அந்தக் காலண்டரை சமையல்கட்டுச் சுவத்துல மாட்டினேன். “முன்னாடி ஒண்ணு போதும்”ன்னேன். “முன்னாடி ஒரே ஒரு முப்பது, பின்னாடி பதினொண்ணுல இருந்து நாப்பத்திரண்டு வரைக்கும் ஒம்பது. அத்தனை ஏத்தமும் அடங்கிரும்.”

அவரு பாத்தாரு. “மூணு இருந்துச்சு, மூணு இருக்கட்டும். கம்பெனிக்காரன் யோசிக்காமயா வெச்சிருப்பான்?”ன்னாரு.

“ஒண்ணையே மூணு தடவை வெச்சிருக்கான்.”

“இருந்துட்டுப் போகுது. நம்ம வீட்டுலகூட மூணு ரூம் இருக்குது, நாம ரெண்டு பேருதான்.”

இது ஒரு வாதமா? நானும் சும்மா இருக்காம, “உங்களுக்கு விகிதம்னா என்னன்னே தெரியாது, உங்க கம்பெனி பம்புசெட்டெல்லாம் எப்பிடித் தண்ணி எடுக்குதோ”ன்னுட்டேன். கம்பெனியைச் சொன்னா அவருக்கு ஆகாது. தட்டைத் தள்ளி வெச்சுட்டு எந்திரிச்சுட்டாரு. அன்னிக்கிருந்து பேச்சு இல்ல. பதினோரு நாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல எங்களுக்குள்ள இப்பிடி ஒரு சண்டை வந்ததே இல்ல. சண்டை போடற அளவுக்கு எதுவும் இருந்ததே இல்லைன்னு வெச்சுக்கயேன்.

இது பவானியா? பவானி தாண்டிட்டோமா. சரி.

அந்தப் பதினோரு நாளும் நான் பாட்டுக்கு ஸ்கூலுக்குப் போயிட்டு வந்தேன். சைக்கிளை நெனைக்கவே இல்ல. எச்.எம். மேடம் மட்டும் ஒரு நாள் கூப்பிட்டு, “டீச்சர், இந்த டெஸ்ட் பேப்பர்ல பத்துக் கேள்வியில ஏழு சைக்கிளா இருக்கே”ன்னாங்க. “விகிதம்னா உதாரணம் வேணுமில்லீங்க மேடம்”னேன். “சரி டீச்சர், ஆனா ஏழாவது கேள்வியில ‘இவற்றுள் எந்த அமைப்பு கோத்தகிரி ஏற உகந்தது, உன் தந்தையின் கருத்து தவறு என நிறுவுக’ன்னு இருக்கே”ன்னாங்க. பிள்ளைங்க நல்லா எழுதியிருந்தாங்க கண்ணு. முப்பத்தெட்டுப் பேர்ல முப்பத்திரண்டு பேர் முன்னாடி ஒண்ணு போதும்னுதான் நிறுவியிருந்தாங்க. மீதி ஆறு பேருக்கு இம்போசிஷன் குடுத்தேன்.

இதுக்கு நடுவுல என்ன ஆச்சுன்னா, இவரு எனக்குத் தெரியாம அன்வர் பாய்க்குப் போன் பண்ணி, “முன்னாடி மூணு போட்டுருங்க”ன்னு சொல்லியிருக்காரு. நான் அவருக்குத் தெரியாம பண்ணல, நியாயமாப் பண்ணேன், “பாய், ஒண்ணு போட்டாப் போதும், மூணு வேண்டாம்”னேன். இவரு மறுபடியும் மூணுன்னாரு. நான் மறுபடியும் ஒண்ணுன்னேன். மனுஷன் பாவம், ஒரு நாளைக்கு எங்க போனே நாலு தடவை. பதினோராம் நாள் சாயங்காலம் பாய் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல போட்டோ அனுப்பினாரு. ‘வேலை முடிஞ்சது’ன்னு.

பாத்தா, முன்னாடி ரெண்டு!

எனக்கு ரத்தம் கொதிச்சுருச்சு. அந்தப் பக்கம் ஹால்ல இருந்து இவரு, “என்னது இது ரெண்டு?”ன்னு கத்தறாரு. நான் செருப்பை மாட்டறேன், இவரு ஸ்கூட்டர் சாவியை எடுக்கறாரு. ஒரே வண்டியில ஏறிப் போனோம். வழி நெடுகத் திட்டிக்கிட்டே போறோம். ஒருத்தரை ஒருத்தர் இல்ல, பாயை. “ஒண்ணுன்னா ஒண்ணு, மூணுன்னா மூணு, ரெண்டு யாரு கேட்டா?”ன்னு இவரு. “ரெண்டுங்கறது ஒரு கொள்கையா?”ன்னு நான். கடைக்குப் போயி ரெண்டு பேரும் ஒரே மூச்சுல பாயைப் புடிச்சுக்கிட்டோம்.

பாய் கையைத் தொடைச்சுட்டே, “சார் மூணு சொன்னீங்க, டீச்சர் ஒண்ணு சொன்னாங்க. கூட்டி ரெண்டால வகுத்தேன்”ன்னாரு.

கணக்கு என்னமோ சரிதான். அதுக்காக?

“சராசரி போடற எடமா இது?”ன்னேன். இவரு, “டீச்சர்கிட்ட கணக்கு சொல்றீங்களா பாய்? அவங்க பதினோரு நாளா சுவத்துல எழுதி வெச்சிருக்காங்க”ன்னாரு. பாரேன், எனக்கு ஏந்துக்கிட்டுப் பேசறாரு! பாய் ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு டீ சொல்லி அனுப்பினாரு. திரும்பி வர்றப்ப லாலி ரோடு சிக்னல்ல நிக்கறோம். அப்பத்தான் எனக்கு நெனப்பு வந்துச்சு, நாங்க பேசறதில்லையேன்னு. அவருக்கும் வந்திருக்கும் போல. சிக்னல் விழுற வரைக்கும் ரெண்டு பேரும் கம்முனு இருந்தோம். பச்சை விழுந்தப்ப முன்னாடி பாத்துக்கிட்டே, “ஒண்ணே போட்டுக்கலாம். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்”ன்னாரு. கணக்கை எத்தனை நாளைக்கு மறுக்க முடியும்? காலண்டரைப் பாத்துப் பாத்து புரிஞ்சிருக்குது. யாரு மொதல்ல பேசுனதுங்கறதுதான் இன்னிக்கு வரைக்கும் தீரல. அவரு நான்ங்கறாரு. நான் பாயைத் திட்டினேன், அது இவருகிட்டப் பேசுனதா ஆகுமா?

அதுக்கப்புறம் வேலை ஜோராப் போச்சு. பின் சக்கரத்துக்கு நடுக்கட்டை புதுசு, ஒம்பது அடுக்குப் பல்சக்கரம், நெடுநெடுன்னு நீளமாக் கையிருக்கற, செயினைத் தள்ளி விடற சாமான். முன்னாடி ஒரே ஒரு முப்பது. முன்னாடி ஒண்ணே இருந்தா இடது கையில விசை வேண்டாம், எல்லாம் வலது கையிலயே. இவரு கைப்பிடியைப் புடிச்சுப் பாத்துட்டு, “இந்த இடது கட்டை விரலுக்கு வேலையே இல்லையே”ன்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டாரு. இத்தனை வருஷமா இவரு கட்டை விரலு என்ன வேலை பாத்துச்சாம்? சரி போகுதுன்னு அங்க ஒரு மணி வாங்கி மாட்டிக் குடுத்தேன். சந்தோஷமாயிட்டாரு.

தை வந்துருச்சு. கோத்தகிரிக்கு இன்னும் நாலு நாள். அப்பத்தான் கைவிசை வந்து சேருது, பிரிச்சுப் பாத்தா பத்து கியருக்கானது. நம்முளது ஒம்பது. பத்துக்கு இழுக்கற இழுப்பு வேற, ஒம்பதுக்கு இழுக்கற இழுப்பு வேற கண்ணு. ஒரு சொடுக்குப் போட்டா செயின் ரெண்டு பல்சக்கரத்துக்கு நடுவுல போயி நின்னு கரகரங்கும். பாய் ஒரு சுத்து மிதிச்சுப் பாத்துட்டு, “அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டிரலாம் டீச்சர்”ன்னாரு. அட்ஜஸ்ட்! ஆறு மாசம் வகுத்துப் பாத்து ஒண்ணொண்ணா வாங்கின சாமானை, கரகரன்னு சத்தம் போட்டுக்கிட்டு மலைக்கு அனுப்பறதா? “முடியாது. சரியான விசை வராம சைக்கிள் வாசலைத் தாண்டாது”ன்னுட்டேன். இவரு “சரி”ன்னாரு. நல்ல மனுஷன், சொன்னா கேட்டுக்குவாரு.

ஞாயித்துக்கிழமை விடிகாலையில, “பெலிக்ஸை வழியனுப்பிட்டு வந்துடறேன்”னு கெளம்பினாரு. சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வந்தாரு. சட்டை பூராச் செம்மண்ணு. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. கையில ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட்டு.

“எங்க போயிட்டு வர்றீங்க?”ன்னேன்.

“கோத்தகிரி.”

“எதுல?”

“எங்க கம்பெனி செக்யூரிட்டி மாரிச்சாமி சைக்கிள்ல.”

கண்ணு, அந்தச் சைக்கிளை நான் பாத்திருக்கேன். கருப்பு சைக்கிள். பின்னாடி கேரியரு. முன்னாடி கூடை. கியரே கிடையாது! முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. அதுல சமதளத்துல போறதே பெரும்பாடு. நான் அந்த எடத்துலயே மனசுல வகுத்துப் பாத்துட்டேன், ரெண்டரைக்குக் குறையாது. ரெண்டரையை வெச்சுக்கிட்டு மனுஷன் கோத்தகிரி ஏற முடியாது. நடக்காத காரியம்.

“எப்பிடி ஏறினீங்க?”

“தள்ளிட்டுப் போனேன்.”

“முப்பது கிலோமீட்டரா?”

“கல்லாறு வரைக்கும்... இல்ல, அது ஊட்டி ரோடு. முதல் வளைவு வரைக்கும் ஓட்டினேன். அப்புறம் தள்ளினேன். எறக்கமா கொஞ்சம் வந்தா ஏறிக்குவேன். மத்தவங்க கியர் போட்டு ஓட்டினாங்க, நான் தள்ளினேன். எல்லாரும் ஒரே டீக்கடைக்குத்தான் வந்து சேர்ந்தோம். பெலிக்ஸுக்கு ஒம்பதாவது வளைவுல தொடை புடிச்சுக்கிச்சு. அவரும் எறங்கி என்கூடத் தள்ளிட்டு வந்தாரு. நெம்ப நல்லாப் பேசறாரு அவரு.”

அவ்வளவையும் சிரிச்சுக்கிட்டே சொல்றாரு கண்ணு. வெக்கமே இல்ல. ஆறு மாசம் நான் போட்ட கணக்குக்கு என்ன அர்த்தம்? தள்ளிட்டுப் போறதுக்கு எதுக்குங்க சைக்கிள், ஒரு கூடையை வாங்கித் தலையில வெச்சுட்டுப் போயிருக்கலாமேன்னு கேட்டேன். அதுக்கு, “டீக்கடையில சாத்தி வெச்சு உக்கார நல்லா இருந்துச்சு”ன்னாரு. வர்க்கியை நான் தொடல. மறுநாள் ஸ்டாஃப் ரூம்ல வெச்சுட்டேன். பிள்ளைங்களுக்கு இந்த மாதிரி உதாரணம் தெரியக் கூடாதுன்னு வகுப்புல வாயைத் திறக்கல.

அப்புறமேட்டுக்கு ஒரு வாரம் கழிச்சு ஒம்பதுக்கான விசை வந்துச்சு. பாய் மாட்டினாரு. சொடுக்கு ஒவ்வொண்ணும் எப்பிடி விழுந்துச்சுங்கற? டக், டக், டக். கரகரப்பே இல்ல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. சும்மா தூசி. இவரு சைக்கிளை ஒரு மாதிரியாப் பாத்துக்கிட்டே நிக்கறாரு. “ஓட்டுங்க”ன்னேன். “இதைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு”ன்னாரு. “எதுக்குப் பயம்?” “இதுல நான் எதாச்சும் தப்பாப் பண்ணிட்டா நீ போர்டுல எழுதிருவே”ன்னாரு.

மருதமலை ரோட்டுல, ஏத்தம் ஆரம்பிக்கற எடத்துக்கு ஸ்கூட்டர்ல நான் போயி நின்னுக்கிட்டேன். காலையில ஆறரை மணி. இவரு வந்தாரு. “கடைசிப் பல்லுல போடுங்க, நாப்பத்திரண்டுல”ன்னு கத்தினேன். போட்டாரு. கண்ணு, முன்னாடி முப்பது பின்னாடி நாப்பத்திரண்டு, புள்ளி ஏழு. ஒரு மிதிக்கு முக்கால் சுத்துகூட இல்ல. காலு ரெண்டும் மிக்ஸி மாதிரி சுத்துது, சைக்கிள் பாட்டுக்கு நின்ன எடத்துல நிக்கற மாதிரி போகுது. ஒரு மூச்சு இரைப்பு இல்ல அவருக்கு. ஏத்தமே தெரியல. நான் ஸ்கூட்டரை ஓரமா நிறுத்திட்டு செயின் சத்தம் வருதான்னு கேக்கறதுக்குப் பக்கத்துலயே நடந்து போனேன். சாதாரணமா நடக்கற நடைதான். அவரு மிதிக்கறாரு, நான் நடக்கறேன். ரெண்டும் ஒரே வேகம். நான் “முப்பத்தாறுல போட்டுப் பாருங்க”ங்கறேன், அவரு, “இரு, இந்தப் பசுமாட்டைத் தாண்டட்டும்”ங்கறாரு. பேசிட்டே மேல வந்துட்டோம். திரும்பிப் பாத்தா ஸ்கூட்டரு எங்கயோ கீழ புள்ளியாத் தெரியுது.

அன்னிக்கிருந்து தினமும் போறோம். சத்தம் வருதான்னு நான் கேக்கோணுமில்ல, புதுச் செயினு. அவருக்கு சர்க்கரை எறங்கியிருக்குது. எனக்கும் என்னமோ ரெண்டு கிலோ குறைஞ்சிருக்குது, ஏன்னு தெரியல. ஒரே ஒரு குறை. ஏத்தம் கொஞ்சம் படிஞ்சு வர்ற எடத்துல அவரு நாலு தப்படி முந்திக்கறாரு. நான் கணக்குப் போட்டுட்டேன். முன்னாடி முப்பதுக்குப் பதிலா இருபத்தெட்டு போட்டா மணிக்கு அஞ்சு கிலோமீட்டர் சுத்தமா வந்து நிக்கும். அவரு முட்டிக்கும் நல்லது. அவரு முட்டிக்காகத்தான்.

இவ்வளவு பண்ணியும் நேத்து என்ன ஆச்சு கேளு. ஏத்தத்துல போயிட்டு இருக்கோம். காலையில நடக்க வர்ற ஒருத்தர், எங்களைத் தாண்டிப் போறவரு, நின்னு கேக்கறாரு: “ஏன் சார், சைக்கிள் ரிப்பேரா? இத்தனை மெதுவாப் போறீங்க?” நான் விகிதத்தை விளக்கிச் சொல்லலாம்னு வாயைத் திறக்கறேன். அதுக்குள்ள இவரு மணியை ஒரு தட்டுத் தட்டிட்டு, “ரிப்பேரெல்லாம் இல்லீங்க. டீச்சர் செட் பண்ணது. இதுக்கு மேல வேகமாப் போனா இவங்க பேசறது எனக்குக் கேக்காமப் போயிரும்”ன்னாரு.

ரோட்டுல, நாலு பேர் முன்னாடி! என்னமோ நான் ஓயாமப் பேசறவ மாதிரி. அந்த ஆளு சிரிச்சுக்கிட்டே போறான். எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? இருபத்தாறு வருஷமா வாயைத் திறக்காத மனுஷன், திறந்தா இப்பிடித்தான் திறக்கோணுமா? நான் ஸ்கூல்ல பேசறேன், அது என் உத்தியோகம். வீட்டுல நான் உண்டு, என் வேலை உண்டுன்னு இருக்கறவ. பஸ்ஸுல ஏறி உக்காந்ததுல இருந்து உன்கிட்ட நான் என்ன அப்பிடிப் பேசிட்டேன்? சாமான் குத்துச்சு, என்னன்னு சொன்னேன், அவ்வளவுதானே கண்ணு?

ஏன் எந்திரிச்சுட்ட? இது தொப்பூரு. உன் டிக்கெட்டு தருமபுரிக்குத்தானே, பாத்தேனே. உக்காரு உக்காரு, இந்த ஏத்தத்துல பஸ் ஆடும். பாரு, டிரைவர் கியர் மாத்தறதே சரியில்ல.